உன் உதட்டில் படாத பால்

இன்று ஆய்வுக்கூடத்துக்குத் தெர்மகோல் பெட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் உலர்பனி புகைந்தது. உள்ளே ஒரு குட்டிக் குழாயில் லாக்டேஸ்; மனிதக் குடலில் சுரக்கும் நொதி, வளர்ப்புச் செல்களில் செய்து எடுத்தது. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற சீட்டைப் படித்ததும் உன்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இதைத் திறக்கும்போது பக்கத்தில் நீ இருக்க வேண்டாமா?

பாலின் சர்க்கரையை உடைக்கும் இந்த நொதி உன் குடலில் குறைந்துபோயிருந்தது. வளர்ந்தபின் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். அரை டம்ளர் பால் போதும், உன் வயிறு உன்னை ஒரு வழி பண்ணிவிடும். குன்னூரில் என்னோடு இதே நொதியை ஆராய்ந்தவள் நீ. "என்கிட்ட இல்லாததை டியூப்ல அளக்கறேன் பாரு" என்று சிரிப்பாய்.

உன் கல்யாணத்துக்கு முன், பாதி விளையாட்டாக நான் கேட்டேன்: மணமேடையில் தரும் பாலில் இதை ரெண்டு சொட்டு கலந்துவிடலாமா? நீ முறைத்தாய்.

"ஏன் அம்மிணி, ஆராய்ச்சிக்குன்னு எழுதியிருக்குதுல்ல? அதுவுமில்லாம எனக்கு என்ன கோளாறுன்னு மருந்து ஊத்தறே?"

மஞ்சூர் மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, பாலும் பழமும் நீட்டினார்கள். பழத்தை வாங்கிக்கொண்டு பாலைக் கும்பிட்டு மறுத்தாய். மாப்பிள்ளையின் அத்தைக்கு முகம் சுண்டிப்போனது. "பொண்ணுக்கு ஏதோ சீக்கு இருக்குதுங்க, மறைச்சுட்டாங்க!" என்று சத்தம் போட்டார். உன் அப்பா, "ஒரு வாய் குடிச்சிரு சாமி" என்று கெஞ்சினார்.

நீ எழுந்து நின்றாய். "சீக்கெல்லாம் இல்லீங்க. பால் எனக்குச் சேராது. இன்னைக்குப் பயந்து குடிச்சா தெனமும் பயந்து குடிக்கோணும்."

உன் கணவர் டம்ளரை வாங்கி, ஒரே மடக்கில் தானே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

பல வருடங்கள் கழித்து உனக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. பால் குடித்திருந்தால் உடம்பு தேறியிருக்கும் என்று அப்போதும் சொன்னார்கள். மழை விடாமல் பெய்த ஒரு பகலில் நீ பேச்சில்லாமல் கிடந்தாய். அதே அத்தை ஸ்பூனில் பாலோடு வந்தார்.

"கடைசியா ஒரு வாய் பால் ஊத்தோணும், நகரு கண்ணு."

நான் நகரவில்லை. "வேண்டாங்க. அவளுக்குச் சேராது."

"போற உசுருக்கு என்ன சேரறதும் சேராததும்?"

"போனாலும் அது அவ வாய்தானுங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பால் என் சேலையில் கொட்டியது. வீடே என்னைத் திட்டியது. உன் கணவர் சமையலறைக்குப் போய், பால் விடாத டீயை ஆற்றி எடுத்துவந்து உன் உதட்டை நனைத்தார். நீ விழுங்கினாய். நான் பார்த்தேன், நீ விழுங்கினாய்.

மஞ்சூர்ப் பக்கம் போனால், "சாகறவளுக்குப் பால்கூட ஊத்தவிடாதவ" என்று இன்றும் என்னைக் கைகாட்டுகிறார்கள். காட்டட்டும். நீ இல்லாதது எனக்குத் தாங்கவில்லை. ஆனால் அந்தப் பேரைச் சுமப்பதில் எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. யாராவது குத்தலாகக் கேட்டால், உன்னைப்போல நின்று பதில் சொல்கிறேன்: "ஆமாங்க, நான்தான் விடலை."