கை நனைக்காமல் போனவர்

கரி படிந்த சட்டையைக் கழற்றும் முன்பே "டீ போடு புள்ள" என்று குரல் கொடுக்கும் என் அண்ணனுக்கு,

அண்ணியும் பிள்ளைகளும் இப்போது எங்களோடு ரெட்டிபாளையத்தில்தான் இருக்கிறார்கள். விசாரணையை முடித்துவிட்டார்களாம். எதிரே பயணிகள் வண்டி வரும் ஒற்றைப் பாதையில், வளையம் வாங்காமலே சிமெண்ட் கூட்ஸை ஓட்டிப்போய் நீ மோதினாய் என்று எழுதிவிட்டார்கள். அரியலூர் கடைவீதியில், "டிரைவர் தூங்கிட்டானாம்ல" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வளையம் வாங்காமல் நீயா? பாதை காலி என்று ஸ்டேஷனில் தரும் அனுமதியே அந்தப் பிரம்பு வளையம்தானே. ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை நீட்டிக் கோத்து வாங்குவாய். அடிபட்ட இடம் கன்றிப்போயிருக்கும், அண்ணி விளக்கெண்ணெய் தடவுவாள். கடைசியாக உன்னைக் குளிப்பாட்ட எண்ணெய் வைத்தபோது, முழங்கைக்குக் கீழே அதே தடத்தைப் பார்த்தேன். புதுத் தடம், அண்ணா. இன்ஜினில் வளையமே இல்லை என்கிறார்களே, எடுத்தது யார்?

"முந்தின ஸ்டேஷன்ல வாங்குன அடியா இருக்கும், விடு" என்கிறார் என் வீட்டுக்காரர், உன் மச்சான். இருக்கலாம். வளையத்தின் பையில் வரும் இரும்புக் குண்டில், எந்த ஊர்வரை பாதை காலி என்று பொறித்திருக்கும் பெயரைப் படித்துப் பார்ப்பது உன் வேலையும்தான். ஸ்டேஷனில் தவறுதலாக வேறு ஊர்க் குண்டைத் தந்திருந்தால், நீயும் படிக்காமல் விட்டுவிட்டாயா? இதை உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பேன்?

உன் வண்டியைக் கடைசியாக அனுப்பிய ஸ்டேஷன் மாஸ்டர் கருமாதிக்கு வந்தார். உன்னோடு உட்கார்ந்து நம் வீட்டு மீன்குழம்பை மறுசோறு கேட்டுச் சாப்பிட்டவர். இலை போட்டு, "உக்காருங்க சார்" என்றேன். "வயிறு சரியில்லம்மா, இன்னொரு நாள் வரேன்" என்று, உன் படத்தைப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் அவர் பஸ் ஸ்டாண்டில் போண்டா தின்றதை அண்ணியின் தம்பி பார்த்திருக்கிறான். கெடுதல் செய்த வீட்டில் உப்புத் தின்றால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்?

வருஷத் திதிக்கு அவரை நானே போய் அழைப்பேன். உன் படத்துக்கு நேராக இலை போட்டு, நானே பரிமாறுவேன். அவர் கை நனைத்துவிட்டால், ஊர் சொல்வதை நம்பப் பார்க்கிறேன். நனைக்காமல் எழுந்தால், "எங்க அண்ணன் வளையம் எங்க சார்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்பேன். உன் மேல் சத்தியம்.

உனக்காக இன்னும் தெருவில் சண்டைக்கு நிற்கும்
உன் தங்கச்சி செல்வி