கை உயரத்தில் ஒரு பூப்பலகை

மார்ச் 1, ஞாயிறு

கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? நோட்டு என்னுடையது, படிக்கப்போவதும் நான்தான். ஆனாலும் வரிகள் மேலே ஏறிக் கீழே சரிவதைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒரு ‘ழ’ போட ஒரு மூச்சைப் பிடித்து விட வேண்டியிருக்கிறது. எழுபத்திரண்டு வயதில் எழுதக் கற்றவன் வேறு எப்படி எழுதுவான்? இதுவரை எழுதியதற்கு அரை மணி நேரம். சந்தோஷமான அரை மணி நேரம்.

சந்தோஷமில்லாத விஷயம்: பன்னிரண்டாம் தேதி என் மனைவிக்குக் கண் ஆபரேஷன். இடது கண் பத்து வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இப்போது வலது கண்ணில் புரை. “பொதுவா நல்லாத்தான் முடியும். ஆனா இருக்கறது ஒரே கண்ணு, அதனால சொல்லி வைக்கறேன்” என்றார் டாக்டர். சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் வீடு மாடியில். நடையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்று எங்கள் அறை. மற்றதைத் திறந்தால் நேராகப் படிக்கட்டு. பதினேழு படிகள், எல்லாம் செங்குத்து. இரண்டு கதவுக்கும் ஒரே பழுப்பு நிறம், ஒரே கைப்பிடி. நேற்று அவள் தவறான கதவைத் திறந்துவிட்டாள். முகத்தில் காற்று அடித்ததால் நின்றாள். காற்று அடிக்காத நாளில்?

மகள் ஓவியச் சாமான் கடையில் வேலை பார்க்கிறாள். உறை கிழிந்து விற்க முடியாமல் போன, பல நிறப் பாலிமர் களிமண் கட்டிகளை வாங்கி வந்தாள். பிசைந்து உருவம் செய்து ஓவனில் வைத்தால் கெட்டியாகுமாம். அதில் ஒரு பூப்பலகை செய்து எங்கள் அறைக் கதவோரம் மாட்டப்போகிறேன். இதழ்கள் நன்றாகப் புடைத்திருக்க வேண்டும். விரல் பட்டதும் தெரிய வேண்டும்.

பார்வை போய்விடும் என்று நினைக்கிறேனா? இல்லை. நினைக்கிறேன்.

அவளிடம் அழகுக்கு என்று சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

மூன்று நாள் வேலை. கட்டிகள் முதலில் கல் மாதிரி இருந்தன. உள்ளங்கைச் சூட்டில் வைத்துப் பிசையப் பிசைய இளகின. பாட்டிலை உருட்டிப் பலகை தட்டினேன். மாட்டுவதற்கு மேலே ஒரு துளை. சின்ன உருண்டை ஒன்றைக் கட்டைவிரலால் அழுத்தி ஓரத்தை மெல்லிசாக்கினால் ஓர் இதழ். ஊசியால் கீறினால் நரம்பு. ஐந்து பூ, ஒன்பது இலை. செங்கல் சுமந்து காய்த்த விரல்களில் இதழ் வரும் என்று யார் கண்டது? மகள் பார்த்துவிட்டு, “என்னப்பா, எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்த வித்தையை?” என்றாள்.

மார்ச் 8, ஞாயிறு

எப்படி எழுதுவது. எழுதத்தான் வேண்டும்.

நூற்று முப்பது டிகிரி, அரை மணி நேரம். உறையில் இருந்ததை மகள் ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தந்திருந்தாள். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டு நம்பவில்லை. நாற்பத்தோரு வருஷம் செங்கல் சூளையில் நெருப்பு பார்த்தவன் நான். நூற்று முப்பதில் செங்கல் சூடாகும், வேகுமா? தீ குறைந்தால் மண் உதிரும், இது எனக்குத் தெரியாதா? ஓவனின் குமிழைக் கடைசி வரை திருப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் புகை. சாதாரணப் புகை இல்லை, தொண்டையை அறுக்கும் புகை. பூக்கள் கருகிக் குமிழ் விட்டிருந்தன. சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவள் இருமி இருமி வெளியே வந்தாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். அந்த ஒரே கண்ணில்.

ஆபரேஷனுக்கு நாலு நாள்தான் இருக்கிறது. மகள் ஜன்னல்களைத் திறந்தாள், கண்ணைக் கழுவிவிட்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 9, திங்கள்

சிவப்பு குறையவில்லை. நாளை டாக்டரிடம் போகிறோம். கெடுத்தது நான்தானே. வேறு யார்?

மார்ச் 10, செவ்வாய்

கருவிழியில் காயம் எதுவும் இல்லையாம். சொட்டு மருந்து கொடுத்தார். சொன்னபடி வியாழக்கிழமையே ஆபரேஷன். அதைக் கேட்டதும் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 11, புதன்

மீதிக் களிமண்ணில் இரண்டாவது பலகை. இந்த முறை காகிதம் சொன்னதுதான் சட்டம். அவளை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டு, ஜன்னலைத் திறந்து, கடிகாரத்தின் எதிரில் உட்கார்ந்தேன். வெளியே எடுத்தபோது ரப்பர் மாதிரி வளைந்தது. திரும்ப உள்ளே வைக்கக் கை துடித்தது. காகிதத்தை இன்னொரு தடவை படித்தேன்: ஆறிய பிறகே கெட்டியாகும். ஆறியது. கெட்டியானது.

சாயங்காலம் கதவோரம் ஆணிக்குப் பென்சிலால் குறி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. பென்சில் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

“அழகுக்கு மாட்டறதை யாராவது இடுப்பு உயரத்துல மாட்டுவாங்களா?”

நான் குறியையே திரும்ப அழுத்தி வரைந்தேன்.

“எனக்குக் கண்ணு போயிடும்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?”

இல்லம்மா என்று சொல்லியிருக்கலாம். என்னத்த சொல்றது, பொய்யா சொல்ல முடியும் அவகிட்ட?

அவள் என் கையைப் பிடித்துப் பென்சிலைக் கீழே இழுத்தாள். “இன்னும் ரெண்டு விரல் கீழ வைங்க. என் கை இங்கதான் வரும்” என்றாள்.

அவளுக்கும் பயம்தான். இத்தனை நாள் நான் மட்டும் தனியாகப் பயந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 12, வியாழன்

உள்ளே நாற்பது நிமிஷம். இப்போது கட்டுப் போட்டிருக்கிறது. நாளைக் காலை பிரிப்பார்களாம். நடையில் அவளைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எதையும் தொடவில்லை, என் சட்டையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 13, வெள்ளி

கட்டைப் பிரித்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் எத்தனை விரல் என்று கேட்டார். சொன்னாள். என்ன சொன்னாள் என்று என் காதில் விழவில்லை. மகள் அழுதாள். டாக்டர் சிரித்தார், அதை வைத்துப் புரிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பலகையின் முன்னால் நின்று குனிந்தாள். விரலைக் கொண்டுபோகவில்லை. நன்றாக நேரம் எடுத்துப் பார்த்தாள்.

“பூ சரி. இலையெல்லாம் ஏங்க நீலத்துல?”

பச்சை என்றேன். நீலம் என்றாள். ஆபரேஷன் ஆன கண், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நீலம்தாம்பா. நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு நெனச்சேன்.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை என் கண்ணைக் காட்ட வேண்டுமாம். என்னைக் கையைப் பிடித்து அவள்தான் கூட்டிப்போவாளாம். டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கு வந்து எழுதுகிறேன். வரிகள் ஏன் இப்படிச் சரிகின்றன என்பதும் அப்போது தெரிந்துவிடும்.