தாய்மாமன் பெயர் இல்லாத ஃப்ளெக்ஸ்

கூடலூர்,
9.9.2024

அன்பு மருமகள் சுபாஸ்ரீக்கு,

மாமியார் ஜெபமணி எழுதுவது. நானும் உன் மகள் ஓவியாவும் நலம். நீயும் நலமாக, முக்கியமாக ஒன்றும் செய்துவிடாமல் இருக்க ஜெபிக்கிறேன்.

ஆறு நாட்களாக உன் போன் அணைந்து கிடக்கிறது. அதனால் பினாங்குக்கு வேலைக்குத் திரும்பும் நம் சபை கிங்ஸ்லியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான். நீ அங்கே தேடிக்கொண்டிருக்கும் ஈஸ்வரபாண்டி இங்கே பிடிபட்டுவிட்டான். உயிரோடு. கஞ்சா வழக்கில் அவனைப் பிடித்துவரப் பினாங்கு போன என் மகன் விஜய்ராஜைக் குத்திக் கொன்ற கையில் விலங்கு ஏறியதை நானே பார்த்தேன்.

போன மாதம் நம் ஏலக்காய்க் கடைக்கு எதிரே ஒரு காதுகுத்து ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஈஸ்வரபாண்டியின் அக்காள் மகளுக்கு. பெரியப்பா, சித்தப்பா, கபடிக் குழு என்று நாற்பத்தொரு முகங்கள், எண்ணினேன். தாய்மாமன் மட்டும் இல்லை. மாமன் மடியில் உட்காராமல் நம் ஊரில் எந்தக் குழந்தைக்குக் காது குத்தினார்கள்? வேறு யாரையாவது மாமன் முறைக்கு நிறுத்துவதாக இருந்தால் அவர் படம்தான் பெரிதாக இருந்திருக்கும். பெயரை மறைக்கிறார்கள் என்றால் ஆள் வருகிறான். இன்ஸ்பெக்டர் ராக்கையாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் மூன்று அக்காள்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு முகூர்த்தம். பட்டுப்புடவை கட்டி, குழந்தைக்குக் கவுனோடு போய், அவன் கண்ணில் படாமல் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். போலீஸ்காரர்கள் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நான் குடையை விரித்தால் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் தாடி வைத்திருந்தான். நம் கடையில் மூட்டை சுமந்தவனின் நடை எனக்குத் தெரியாதா?

ஆனால் குடையை விரிக்கவில்லை. குழந்தைக்கு ஒரு காதுதான் குத்தியிருந்தது. இரண்டும் முடியட்டும் என்று நின்றேன். அதற்குள் சாம்பார் வாளியோடு வந்தவர் காலில் பழுப்பு பூட்ஸைப் பார்த்துவிட்டான். குழந்தையை அக்காள் கையில் கொடுத்துவிட்டு, சுவரேறிக் குதித்து, காரில் குமுளிப் பக்கம் பறந்தான். கேரள எல்லை தாண்டினால் போச்சு. ராக்கையா தலையில் அடித்துக்கொண்டு, “கொலகாரனுக்கு முகூர்த்தம் பாத்தீகளாக்கும்!” என்றார். நான் போனை எடுத்தேன். நேரம் இல்லை.

அந்த நேரத்தில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்புகள் அதே குமுளிச் சாலையில், லோயர் கேம்ப்பில் மலையேறுமே! முன்பு நம் கடையில் காய் பொறுக்கிய சந்தனம்மாள் முன் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தாள். போன் செய்தேன். பதினொரு ஜீப்புகள் சாலைக்குக் குறுக்கே நின்றன. எண்பது பெண்கள் இறங்கினார்கள். அவன் கத்தியை உருவ, சந்தனம்மாள் தூக்குவாளியாலேயே அவன் மணிக்கட்டில் போட்டாள். கத்தி கால்வாயில், புளிக்குழம்பு அவன் தாடியில். “ஏலே, எங்கன ஓடுற? எம் மதியானச் சோறும் போச்சு, ஒன்னய விடுவனா?” என்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். நான் பேச்சிமுத்துவின் ஆட்டோவில் போய்ச் சேர்ந்தபோதும் இறங்கியிருக்கவில்லை. அன்று எண்பது பேருக்கும் என் செலவில் பிரியாணி. ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், எட்டு மாதத்துக்குப் பிறகு.

ஒன்றை மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். போலீஸ் வண்டி இன்னும் வந்திருக்கவில்லை. அவன் என் காலடியில் கிடந்தான். என் குடையின் இரும்பு முனை உனக்குத் தெரியும். “ஒங்க இஷ்டம்மா, நாங்க ஒண்ணும் பாக்கல” என்று சந்தனம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எல்லோரும் திருப்பிக்கொண்டார்கள். நாலு மணிக்கு ஓவியா பள்ளியிலிருந்து வருவாள், கதவைத் திறக்க ஆள் வேண்டுமே என்று நினைத்தேன். குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

உன் ராஜினாமாக் கடிதம் பீரோவில் இருந்தது. கேட்காமல் படித்தது தவறுதான். அதில் தேதி போடவில்லை. தேதி இல்லாத கடிதத்தை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொன்னவள் அதை எழுதுவானேன் என்று நான் கேட்கப்போவதும் இல்லை. அவனை ஒளித்துவைத்த ஆட்களை அந்த ஊர்ப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். நீ யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம். கிங்ஸ்லியே உனக்கு டிக்கெட் எடுத்துத் தருவான்.

நீதிமன்றத்தில் விஜய்ராஜுக்கு அன்று நடந்ததை முழுவதும் வாசிப்பார்களாம். என் பக்கத்தில் நீ உட்கார வேண்டும். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது, சுபா. அதனால்தான் கூப்பிடுகிறேன்.

கர்த்தர் உன் கைகளைக் காப்பாராக.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
ஜெபமணி சுந்தர்ராஜ்