அறையில் இருந்த இரண்டாவது ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு நூர்சாத் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நம் ஊர் நாரினில் பனி விழத் தொடங்கிவிட்டதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

தொலைதூரப் படிப்புத் தேர்வு என்னவாயிற்று என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்பட ஒன்றுமில்லை, நான் எழுதியதை ரத்து செய்துவிட்டார்கள், அவ்வளவுதான். கேமரா முன்னால் தனியாக உட்கார்ந்து கணினியில் எழுத வேண்டும்; அறையில் கேட்கும் சத்தமும் பதிவாகும். எனக்காக அறைத்தோழிகள் எல்லோரும் மாஸ்கோக் குளிரில் வெளியே போய் நின்றார்கள்.

"சீக்கிரம் எழுதுடி டீச்சரம்மா, மூக்கு உதிர்ந்துடும்போல!" என்று பெர்மெத் கத்திவிட்டுப் போனாள்.

ரஷ்ய மொழிக் கேள்விகளை வழக்கம்போல நம் கிர்கிஸில் முணுமுணுத்துப் புரிந்துகொண்டு எழுதினேன். ஓட்டலில் பாத்திரம் கழுவும்போதும் அப்படித்தான் படிக்கிறேன்.

மறுநாள் அந்தப் படிப்பின் ஆசிரியை போனில் அழைத்தார். வருடம் முழுக்க நான் அனுப்பிய ஒரு சந்தேகத்துக்கும் பதில் போடாதவர்.

"பக்கத்துல உட்கார்ந்து கிர்கிஸ்ல சொல்லிக்கொடுத்தது யாரும்மா?"

"நான்தாங்க பேசினேன்."

"உனக்கு நீயே சொல்லிக்கொடுத்தியா? இந்தக் கதையெல்லாம் வேற எங்கயாவது போய்ச் சொல்லு."

யாராவது இங்கே வந்தால் காய்ந்த தயிர் உருண்டையும் கம்பளிக் காலுறையும் கொடுத்தனுப்புங்கள். பேச விஷயம் இல்லாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

ரத்துக்குக் காரணமாக, அறையில் இரண்டாவது ஆள் இருந்ததாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால், அம்மா, நான் ஏன் எனக்கே பாடம் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்?

உங்கள் மகள்,
நூர்சாத்