இரண்டாவதாக வந்தவள்

மார்ச் 4

அன்புள்ள சைரனுக்கு,

சௌக்கியமா? காது எப்படி இருக்கிறது என்று கேட்கப் போவதில்லை. போன மாதம் போனில் நான் "சாப்பிட்டியாடி" என்று கேட்க, நீ "ஆமா, இங்கயும் நல்ல மழை" என்று பதில் சொல்ல, என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. டர்பைன் ஹாலில் காலம் கழித்தவளிடம் போனில் பேசினது என் தப்பு. நமக்குக் கடிதம்தான் சரிப்படும். இதில் நீயும் குறுக்கே பேச முடியாது.

சேதிக்கு வருகிறேன். நம் கல்லூரியிலிருந்து துறைத் தலைவி என்னைப் பார்க்க வந்தாள். ஆமாம், தலைவி. நம் எலக்ட்ரிகல் துறைக்கு ஒரு பெண் தலைவி. என் மகள் வயதுதான் இருக்கும். துறைக்குப் புதுக் கட்டடம் கட்டி முடித்துவிட்டார்களாம். அதைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், "மாடிக்கு மாடி லேடீஸ் டாய்லெட் இருக்கு மேடம்" என்று போகிற போக்கில் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குப் போய் ஒருத்தி அழுவாளா என்று அவள் முழித்தாள். அப்புறம் கதையைச் சொன்னேன். அந்தப் பழைய கட்டடம் முழுக்க நமக்கென்று ஒன்றுகூடக் கிடையாது, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் லேபில் நிற்பேன், அதைப் பார்த்து என் தோழி எனக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தாள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல பெண்.

புதுக் கட்டடத்தின் முகப்பில் பழைய மாணவர்களின் படங்களை மாட்டுகிறார்கள். அதில் என் படமும் உண்டு. ஏப்ரல் இருபதாம் தேதி திறப்பு விழா. அழைப்பிதழின் மாதிரியை இதோடு வைத்திருக்கிறேன். என் படத்துக்குக் கீழே எழுதப்போகிற வாசகமே அதிலும் இருக்கிறது. கெஸ்ட் ஹவுஸில் இரண்டு கட்டில் போட்ட அறையாகக் கேட்டுவிட்டேன். நீ வராமல் எனக்கு அங்கே என்ன இருக்கிறது? மூட்டு வலி, அது இது என்று சாக்குச் சொன்னால் தொலைத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் ஒட்டகம்


மார்ச் 11

அன்புள்ள ஒட்டகமே,

முதலில் என் வாழ்த்து. தலைமைப் பொறியாளராக ஓய்வு பெற்றவள் படத்தை மாட்டாமல் வேறு யார் படத்தை மாட்டுவார்கள்? நிஜமாகவே சந்தோஷம்.

ஆனால் உன் அழைப்பிதழை நீ படித்துப் பார்த்தாயா, இல்லை உன் பேரை மட்டும் பார்த்துப் பூரித்துப் போனாயா? மூன்றாவது வரியைப் படி. "அக்காலத்தில் இத்துறையில் பயின்ற ஒரே பெண்." ஒரே பெண்ணாம். அப்படியென்றால் நாலு வருஷம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யாரடி? உன் புத்தகப் பையா?

அந்த மெஷின்ஸ் பேராசிரியர் தினமும் "ஜென்டில்மென்" என்று ஆரம்பித்துவிட்டு, நம் பக்கம் பார்த்து, தொண்டையைச் செருமி, "அப்புறம் அந்த ரெண்டு பேர்" என்பாரே. அவருக்குக்கூட எண்ணத் தெரிந்திருந்தது. ஒர்க்‌ஷாப்பில் நான் சிரித்த சிரிப்பைச் சாப்பாட்டு மணிச் சைரன் என்று நினைத்து அத்தனை பையன்களும் அரத்தைப் போட்டுவிட்டு ஓடினார்களே, அவர்களில் ஒருவனுக்குமா என் ஞாபகம் இல்லை?

இது எனக்குப் புதுசில்லை. பவர் ஸ்டேஷனில் கண்ட்ரோல் ரூம் போனை எடுத்தால், "இன்ஜினியர்கிட்ட குடும்மா" என்பார்கள். "நான்தான் சார்" என்பேன். "சரிம்மா, பெரிய இன்ஜினியர்கிட்ட குடு." "பெரியவரும் நான்தான் சார்." உடனே ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்கள். அதை வைத்து எத்தனை நாள் சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிப்பு வரவில்லை.

மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வரவில்லை. இல்லாதவள் எப்படி வருவாள்?

சைரன்


மார்ச் 17

என் அருமைச் சைரனுக்கு,

நீ சொன்னது சரி. என் பேரைத்தான் பார்த்தேன். படித்ததும் வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கே துறைத் தலைவிக்குப் போன் போட்டேன். பாவம், அவள் அந்த வருஷத்து குரூப் போட்டோவை வைத்து எழுதியிருக்கிறாள். அதில் நாற்பது ஆண்களுக்கு நடுவில் நான் மட்டும்தான் நிற்கிறேன். உனக்கு அப்போது பொன்னுக்கு வீங்கி வந்து முகம் பூசணிக்காயாக இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வாரம் தள்ளி வையுங்கள் என்று கெஞ்சினேன். போட்டோக்காரர் கேட்கவில்லை. கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு மாடி ஜன்னலிலிருந்து நீ எங்களைப் பார்த்துக் கையசைத்தாய். நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்க்காமல் உன்னைப் பார்த்துச் சிரித்தோம். அதனால்தான் அந்தப் படத்தில் ஒருத்தரும் நேராகப் பார்க்கவில்லை.

இன்னொரு பெண்ணும் படித்தாள் என்றதும் துறைத் தலைவி பதறிப் போய்விட்டாள். "மேடம், ரெண்டு பேர்ல யார் முதல்ல சேர்ந்தீங்க?" என்று கேட்டாள். நான்தான், ஒன்பது நாள் முன்னால் என்றேன். "அப்ப 'ஒரே பெண்'ணை எடுத்துட்டு 'முதல் பெண்'ணு போட்டுடலாம். பிரச்சனை தீர்ந்துச்சு மேடம்" என்றாள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

இனி உனக்கு வர என்ன தடை? கோபத்தை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டு.

உன் ஒட்டகம்


மார்ச் 24

ஒட்டகமே,

பிரச்சனை தீர்ந்துவிட்டதா? நல்லது. முதலாவதாக வந்தவளுக்குச் சுவரில் படம். இரண்டாவதாக வந்தவளுக்கு பஸ் டிக்கெட்.

பொய் எழுதியிருக்கிறார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. நீதான் முதல். அதனால்தான் இன்னும் எரிகிறது. ஒன்று சொல்கிறேன், நீ வருத்தப்படுவாய் என்று இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ நம் மின்வாரிய ஹெட் ஆபீஸில் மேலே போன வருஷம், எனக்கும் பிரமோஷன் இன்டர்வியூ வந்தது. ஸ்டேஷனில் என்னைவிட அந்த மெஷினைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தற்பெருமை இல்லை, உண்மை. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வியே கேட்கவில்லை. ஒருவர் ஃபைலை மூடிவிட்டு நல்லவிதமாகச் சிரித்துக்கொண்டே, "அதான் மேல ஒரு லேடி இருக்காங்களேம்மா, இன்னும் என்ன?" என்றார். அந்த லேடி நீ.

நன்றி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அன்றைக்கு உனக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினேன். ஆறு பக்கம் எழுதினேன். மனசார எழுதினேன் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்தது. கொஞ்ச நாள் நிறையவே இருந்தது. நீ என்ன செய்வாய்? அவர்கள் ஒரு நாற்காலிதான் போட்டார்கள். நீ உட்கார்ந்துவிட்டாய், இடம் முடிந்துவிட்டது.

நான் அந்த ஹாலிலேயே செயற்பொறியாளராக ரிட்டையர் ஆனேன். காதைக் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது சுவரிலும் ஒரு இடம்தான் என்றால், இந்த வயசில் எதிரே நின்று கை தட்ட எனக்குத் தெம்பு இல்லை. போய் வா. போட்டோ அனுப்பு.

சைரன்


ஏப்ரல் 2

சைரா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மேசையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மூன்று பேரில் இரண்டு பேரோடு நான் தினமும் டீ குடித்திருக்கிறேன். ஒருத்தரும் என்னிடம் மூச்சுவிடவில்லை. நீயும் விடவில்லை. எனக்கு அவர்கள் மேல் வரும் கோபத்தைவிட உன் மேல்தான் அதிகமாக வருகிறது. சொல்லியிருந்தால் அந்த ஆபீஸையே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். அந்த ஒன்பது நாளைப் பற்றி உனக்கு நான் எதுவுமே சொன்னதில்லை.

வகுப்பில் என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். முன் பெஞ்சிலும் பின் பெஞ்சிலும்கூட உட்கார மாட்டார்கள். நடுவில் நான் மட்டும். லேபில் இரண்டு இரண்டு பேராகச் சேரச் சொன்னால் கடைசியில் நான் மிஞ்சுவேன். ஒர்க்‌ஷாப் மாஸ்டர் தங்கமான மனுஷர். "நீ உக்காந்து பாரும்மா, கையில பட்டுரப் போவுது" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுவார். அதைப் போல் என்னை அழ வைத்தது எதுவும் இல்லை. யாரும் என்னை ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. யாரும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இரண்டு கட்டில் போட்ட அந்த வார்டன் வீட்டு மாடி அறையில், என் குரல் எனக்கு மறந்துவிடப் போகிறதே என்று பாடத்தைச் சத்தமாகப் படிப்பேன்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை. அதற்குள் அப்பாவுக்கு எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவரும் தந்தி கொடுத்துவிட்டார். படுக்கையைச் சுருட்டிக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். கதவைத் தட்டாமல் நீ உள்ளே வந்தாய். வேர்த்து விறுவிறுத்து, என் படுக்கைச் சுருள் மேல் பொத்தென்று உட்கார்ந்து, "எந்தக் கட்டில் எனக்கு? ஜன்னல் பக்கம்னா சண்டை போடுவேன்" என்றாய். அப்புறம் சிரித்தாய். சாயங்காலம் வரை பேசினாய். நான் போகப்போகிறேன் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் அப்பா வந்து நின்றபோது, "சும்மா உங்களப் பாக்கணும் போல இருந்துச்சுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்றைக்கு நீ வந்திருக்கவில்லையென்றால் முதல் பெண்ணும் கிடையாது, தலைமைப் பொறியாளரும் கிடையாது. இதைத் துறைத் தலைவியிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப நான் என்னதான் எழுதட்டும் மேடம்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நீ சொல். நீ வராத விழாவுக்கு நானும் போவதாக இல்லை. இது மிரட்டல் இல்லை, முடிவு.

உன் ஒட்டகம்


ஏப்ரல் 8

அடி பைத்தியமே,

எனக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆபீஸில் பணம் கட்டப் போனபோதே அங்கிருந்த கிளார்க், "இன்னொரு பொண்ணு டி.சி. கேட்டிருக்கும்மா, நாளைக்குப் போயிரும். நீயும் யோசிச்சுக்கோ" என்று சொன்னார். அப்பாவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போகக் கையில் காசுகூட இல்லை. அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் தனியாகவா? மாடிக்கு ஓடி வந்தேன். அதனால்தான் வேர்வை. சுருட்டி வைத்த படுக்கையைப் பார்த்தேன், அழுத முகத்தைப் பார்த்தேன், வேண்டுமென்றே அதன் மேல் உட்கார்ந்தேன். நான் எழுந்தால் நீ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று பயம். கால் மரத்துப் போயிற்று, தெரியுமா? சாயங்காலம் வரை எதைப் பேசினேன் என்று எனக்கே தெரியாது. வாயை மூடினால் போய்விடுவாய் என்று பேசிக்கொண்டே இருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுதேன். அப்புறம் ஒன்று தோன்றியது. அன்றைக்கு நான் எழுந்து வழி விட்டிருந்தால் போதும். முதல் பெண், ஒரே பெண், ஹெட் ஆபீஸ் நாற்காலி, எல்லாம் எனக்குத்தான். அதை நினைத்துத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் நீ பட்ட ஒன்பது நாளை நாலு வருஷத்துக்கு இழுத்துப் பார்த்தேன். என்னால் முடிந்திருக்காது. நானும் ஒரு மாதத்தில் சுருட்டிக் கட்டியிருப்பேன். அதன் மேல் உட்கார யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

உன் துறைத் தலைவிக்கு ஒரு கேள்வி அனுப்புகிறேன். அந்தச் சுவரில் மாட்டுகிற ஆண்கள் படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறாள்? பேர், படித்த வருஷம், பார்த்த வேலை. அவ்வளவுதானே? முதல் ஆண், ஒரே ஆண் என்று யாருக்காவது உண்டா? நமக்கும் அதையே எழுதட்டும். உன் பேர், உன் வேலை. என் பேர், என் வேலை. படிக்கிறவர்கள் எண்ணிக்கொள்ளட்டும். என் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். தலையில் ஹெல்மெட், கன்னத்தில் ஆயில், பின்னால் என் டர்பைன். அழகான போட்டோ எதையாவது கேட்டால் கிடையாது என்று சொல்.

அந்தப் பிரமோஷன் விஷயத்துக்கு இனிமேல் யாரோடும் சண்டைக்குப் போகாதே. ஆனால் மேடையில் உன்னைப் பேசச் சொன்னால் அதைச் சொல். அவர்கள் சொன்ன வார்த்தையை அப்படியே சொல். முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் கேட்கட்டும்.

பத்தொன்பதாம் தேதி சாயங்கால வண்டியில் வருகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள். விழாவில் யாராவது என்னைப் பார்த்து "நீங்க யாரும்மா?" என்று கேட்டால் நீ முந்திக்கொண்டு வாயைத் திறக்காதே. நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
சைரன்