கல்யாணப் பந்தலில் உங்கள் ஒப்பாரி

என் உயிருக்கு உயிரான அண்ணாவுக்கு,

வயிறெரிந்து எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். வயிறு குளிர்ந்து எழுதுகிறேன். உங்கள் ஆர்மோனியக்காரன் ராமநாதனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் காய்ச்சலில் கண்மூடி, கருமாதி முடிவதற்குள் அவன் கோயம்புத்தூர் ஸ்டுடியோவில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். படம் வந்தது. சிங்காநல்லூர் முதல் வெள்ளகோவில் வரை எல்லார் வாயிலும் உங்கள் பாட்டுத்தான். நோட்டீஸில் மட்டும் சங்கீதம் என்று அவன் பெயர். நடிகர்கள் பாடப் பாடப் படம் பிடித்தபோது, கேமராவில் விழாமல் செடி மறைவில் உட்கார்ந்து வாசித்தவர்தானே நீங்கள்? உங்களை யார் பார்த்தார்கள்? நான் நேரில் போய்க் கேட்டதற்கு, "உங்கண்ணனா? எனக்கு ஆர்மோனியப் பெட்டி தூக்கினவன்" என்று சிரித்தான். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

ஆட்டைக் கடித்து மாட்டைக் கடித்து, போன மாதம் என் வீட்டுக்கே வந்தான்.

"மில் முதலாளி மகள் கல்யாணத்துல புதுப் பாட்டுப் பாடணும் தங்கச்சி. அண்ணன் போட்டு வெச்ச மெட்டு ஏதாவது மிச்சமிருக்கா?"

"இருக்குதுங்க. உக்காருங்க, காப்பி குடிங்க."

எதைக் கொடுத்தேன் தெரியுமா? அம்மா செத்தபோது அத்தைமார் கட்டிப்பிடித்து அழுத ஒப்பாரியை, பிள்ளையைப் பறிகொடுக்கும் காட்சிக்காக மெட்டாக்கினீர்களே, அதை. அந்தக் காட்சியையே எடுக்காததால் அவன் கேட்டதில்லை. சொற்களை விட்டுவிட்டு, கொஞ்சம் வேகமாகப் பாடிக் காட்டினேன். எங்கிருந்தோ வந்தவனுக்கு நம் பக்கத்து எழவு வீடு என்ன தெரியும்? "அடடா, மங்களமா இருக்கு" என்று வாங்கிக்கொண்டு போனான்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். தாலி கட்டி முடிந்த பிறகுதான் கச்சேரி. அந்தப் பெண்ணை நினைத்தால் அந்த மட்டும் நிம்மதி.

"நானே கோயில்ல உக்காந்து போட்ட மெட்டு" என்று பீற்றிக்கொண்டு ஆரம்பித்தான். முதல் அடி முடியவில்லை, வெள்ளகோவில் பக்கத்துப் பெண்களுக்கு முகம் மாறிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை, மகனைப் பறிகொடுத்தவர், தன்னையறியாமல் பக்கத்திலிருந்தவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டார்.

முதலாளி எழுந்தார். "ஏனுங்க, கல்யாண ஊட்டுல எழவுப் பாட்டா பாடறீங்க? இது நீங்க போட்ட மெட்டுங்களா?"

அவன் பெட்டியை மூடிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான். "என்னோடது இல்லைங்க! செத்துப்போன பழனியப்பன் போட்டதுங்க."

நான் எழுந்தேன். "பழனியப்பன் தங்கச்சி கேக்கறனுங்க, அப்ப படத்துல வந்த பாட்டெல்லாம் ஆரு போட்டதுங்க?"

பந்தலே அவனைப் பார்த்தது. "அதுவும்... அவர்தாங்க."

அந்த வாயாலேயே சொல்ல வைத்தேன் அண்ணா. அம்மாவுக்கு அழுத பாட்டை இதற்குப் பயன்படுத்தியது பாவமா? உங்களுக்குக் கோபமா? இருந்தாலும் இருக்கட்டும், எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு சத்தியம் செய்கிறேன். நம் சீமையில் அவன் எந்த மேடை ஏறினாலும் முன்வரிசையில் நான் இருப்பேன். அவன் பெட்டியில் கை வைத்ததும் எழுந்து, "ஏனுங்க, இது ஆரு மெட்டுங்க?" என்று கேட்பேன். உங்கள் பெயரைச் சொல்லட்டும், பிறகு பாடட்டும்.

உங்கள் கூடப்பிறந்தவள்,
மயிலாத்தாள்