ஆறு மணிச் சமையல்

12 மே 1969, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். கமலாவை மலாக்கா டவுனில் டாக்டரிடம் காட்டினோம். இரத்தம் குறைவு. கீரை, மீன், ஈரல் கொடுக்க வேண்டுமாம். எடை இன்னும் இறங்கினால் வார்டில் சேர்க்க வேண்டும் என்கிறார். தனியாக வார்டில் இவள்! நினைக்கவே முடியவில்லை.

பேசாததற்கும் முகம் பார்க்காததற்கும் ஒரு பெயர் சொன்னார். ஆட்டிசம். எழுத்துக்கூட்டச் சொல்லிக் குறித்துக்கொண்டேன். பிள்ளைக்குப் பத்து வயதான பிறகு ஒரு பெயர்.

பிறகு பெற்றவள் தனத்திடம், கைக்குழந்தையாக இருந்தபோது மடியில் வைத்துக் கொஞ்சினீர்களா என்று கேட்டார். தாய்ப்பாசம் குறைந்தால் இப்படி வருமாம். செங்கில் எங்கள் வீடு வந்து சேரும்வரை தனம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாலை வழக்கம்போல் எதிர்வீட்டுக் காதர் பாய் வீட்டு டிவி. ஆறு மணிக்கு மலாய்ச் சமையல். அந்த அம்மாள் கிண்ணங்களை வரிசையாக வைப்பார், சமைப்பார், ருசி பார்ப்பார். அவர் வாய் திறந்தால் கமலாவும் திறப்பாள். அந்த நேரத்தில் தனம் ஊட்டிவிடுவாள். மற்ற வேளைகளில் தேநீரில் நனைத்த ரொட்டி மட்டுமே.

16 மே, வெள்ளி

அவசரகாலமாம். ஊரடங்கு. காலையில் கொஞ்ச நேரம் கடைக்குப் போகலாம். கோலாலம்பூர்க் கலவரத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை. சோப்பு தீர்ந்துவிட்டது.

ஆறு மணிக்குச் சாலையைக் கடக்க முடியாது. கமலா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். சாப்பிடவில்லை.

பாய் ஜன்னலிலிருந்து: “வாத்தியாரே! புள்ள சாப்பிட்டுச்சா?”

“இல்ல பாய்.”

“டிவிய இந்தப் பக்கம் திருப்பி வைக்கிறேன் லா. தெரியுதா பாருங்க!”

தெரிந்தது ஒரு வெள்ளைப் புள்ளி. நல்ல மனுஷர்.

18 மே, ஞாயிறு

ரொட்டியையும் தள்ளிவிடுகிறாள். கன்னம் ஒட்டிவிட்டது. தண்ணீர் மட்டும் குடித்தாள்.

மாலை, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, மேசைக்குப் பின்னால் நின்று, “செலாமாட் பெத்தாங்” என்று டிவி அம்மாள் மாதிரி மலாயில் மாலை வணக்கம் சொன்னேன். கமலா சுவரைப் பார்த்தாள்.

தனம்: “அந்தம்மாவுக்கு மீசை இல்லீங்க.”

டாக்டரைப் பார்த்து வந்தபின் இன்றுதான் சிரித்தாள்.

பாய் ஜன்னலில்: “வாத்தியாரே, பந்திக்கு ஆள் வேணும்னா கூப்பிடுங்க லா!”

19 மே, திங்கள்

மழை. தனம் கீரையை வதக்கி, சட்டியோடு மேசையில் இறக்கினாள். கமலா வந்தாள். வெங்காயம், மிளகாய், உப்பு என்று கிண்ணங்களை வரிசையாக வைத்தாள். என் தோளிலிருந்து துண்டை உருவித் தன் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். தனத்தின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். தானாக வந்து யாரையும் தொடுகிற பிள்ளை இல்லை. தனம் அந்தக் கையையே பார்த்தாள். அடுத்து என்னையும் உட்காரவைத்தாள்.

வகுப்பில் வாய்ப்பாடு வராத பிள்ளையைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டு, “நீ சொல்லிக்கொடு” என்றால் சொல்லிவிடும். எத்தனை முறை பார்த்திருக்கிறேன். சமைத்துக் காட்டுவது என் வேலை இல்லை, கமலாவின் வேலை. நாங்கள் பார்க்க வந்தவர்கள்.

கமலா சட்டியைக் கிளறினாள். கரண்டியில் கொஞ்சம் எடுத்து ஊதினாள். வாயில் வைத்தாள். மென்று விழுங்கினாள்.

தனம் என் காதில்: “இன்னும் உப்பே போடலீங்க.”

“பேசாம இரு.”

கமலா அடுத்த கரண்டி எடுத்தாள்.